கியரக்காவின் குரலை வைத்துக்கொண்டவர்கள்

சின்ன ஊர் வானொலிக்குச் சனி ஞாயிறு காலையில் வந்து பேச ஓர் ஆள் பிடிப்பது என்ன பாடு என்று உங்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. பெட்டியைத் திருகினால் யாரோ பேசுகிறார்கள், நாம் பல் தேய்க்கிறோம். பேசுகிறவர் எந்தக் கடையில் அனுமதி கேட்டுக்கொண்டு வந்தார், வீட்டில் எதைப் பாதியில் போட்டுவிட்டு வந்தார் என்றெல்லாம் நமக்குக் கேட்கத் தோன்றுவதில்லை. அதில் உங்கள் குற்றம் ஒன்றும் இல்லை, கண்ணுகளா. ஆனால் அப்படி வந்த ஒருத்தியை அந்த நிலையத்தார் நடத்திய விதத்தைச் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை. நினைக்க நினைக்க வயிறு எரிகிறது.

நிலையம் என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. கடைத்தெருவில் ஓர் இரும்புக்கடை, அதன் மாடியில் இரண்டு அறை. ஒன்றில் மேசை, தொலைபேசி, தண்ணீர் கொதிக்க வைக்கும் கெட்டில். இன்னொன்று ஸ்டுடியோ; சுவர் முழுக்கச் சாம்பல் நிறப் பஞ்சு மெத்தை ஒட்டியிருக்கும். கீழே குழாய் அறுக்கும் மிஷின் ஓடினால் மேலே மைக்கில் கேட்கும். அதனால் செய்தி வாசிக்கும் முன் துடைப்பக் கட்டையால் தரையில் நாலு தட்டுத் தட்டுவார்கள். இரும்புக்கடைக்காரர் மிஷினை நிறுத்திவிட்டு, "பேசுங்க, பேசுங்க, உலகமே காத்திருக்கு" என்று கீழிருந்து குரல் கொடுப்பார். சில நாள் அந்தக் குரலும் சேர்ந்தே ஒலிபரப்பாகும்.

நிலையத்தைப் பார்த்துக்கொண்டவள் ஒரு பெண். பதவியின் பெயர் நிலையப் பொறுப்பாளர். எது நடந்தாலும் பழி அவள் தலையில்தான் விழும் என்பதால் எல்லாரும் சுருக்கமாகப் 'பொறுப்பு' என்றே கூப்பிட்டார்கள். முதலாளிகள் வேறோர் ஊரில், கண்ணாடிக் கட்டடத்தில் இருந்தார்கள். அவர்களுக்கு இதுபோல் பல ஊர்களில் பல நிலையங்கள். எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு மேலாளர், தொலைபேசியில் மட்டுமே இருப்பவர். பொறுப்பு அவரைத் 'தலைமை' என்பாள்.

வார இறுதிக்கு ஆள் வேண்டும் என்று பொறுப்பு விளம்பரம் கொடுத்தாள். வந்தவர்களைச் சொன்னால் சிரிப்பீர்கள். வீட்டுமனை தரகர் ஒருவர் ஒவ்வொரு சொல்லையும் நாடா வெட்டித் திறந்து வைப்பதுபோல் பேசினார். ஓர் ஆசிரியை பாட்டுப் போட மாட்டேன், பாட்டில் உள்ள உச்சரிப்புப் பிழையை மட்டும் சொல்வேன் என்றார். ஒருவர் தன் நகைச்சுவையைச் சொல்வதற்கு முன்பே சிரித்து முடித்துவிட்டார். வெளியே வாசலில் நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவர்கள்கூட மைக்கைப் பார்த்ததும் தொண்டைக்குள் வேறு யாரையோ கூட்டி வந்தார்கள். தப்பித்தவறி ஒரு பையன் அருமையாக அமைந்தான். பெரிய ஊரிலிருந்து கூப்பிட்டார்கள், மறுவாரம் அவனைக் காணோம்.

அந்தச் சமயத்தில் பொறுப்பு கார் ஓட்டக் கற்றுக்கொண்டிருந்தாள். கற்றுக்கொடுத்தவள்தான் நம் கதைக்காரி. ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் பல வருடமாக வேலை. ஊரில் பாதிப் பேர் அவளிடம்தான் வண்டி பழகினார்கள். 'கியரக்கா' என்றால் சின்னக் குழந்தைக்கும் தெரியும்.

ஒருநாள் சந்தை ரோட்டில் பொறுப்பு வண்டியை எடுக்கத் தெரியாமல் திணற, பின்னால் லாரிக்காரன் ஹாரனை அழுத்திப் பிடித்துக்கொண்டான். பொறுப்பு ஸ்டீரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பக்கத்து இருக்கையிலிருந்து கியரக்கா சொன்னாள்:

"அவன் அடிப்பான். அடிக்கட்டும். ஹாரன்தானே அடிக்கிறான், உன்னையா அடிக்கிறான். கிளட்ச்ச மெதுவா விடு. அவசரமே இல்ல. ரோடு எங்கயும் ஓடிப் போகாது."

அந்தக் குரலைக் கேட்டதும் பொறுப்பின் பிடி தளர்ந்தது. வண்டி நகரவேண்டிய நேரத்தில் அவள் இன்ஜினை அணைத்துவிட்டுத் திரும்பினாள்.

"அக்கா, நீங்க ரேடியோல பேசுறீங்களா?"

"முதல்ல வண்டிய ஓரம் கட்டு. நடு ரோட்டுல நின்னுக்கிட்டா ஒருத்திக்கு வேலை குடுப்பாங்க?"

இப்படித்தான் கியரக்கா வானொலிக்கு வந்தாள். சனியும் ஞாயிறும் காலையில். கூலி என்று அவர்கள் கொடுத்தது பெட்ரோலுக்கே சரியாகப் போகும். ஆனாலும் அவளுக்கு அது பிடித்திருந்தது. மைக்கில் அவள் குரலை மாற்றவில்லை. பக்கத்து இருக்கையில் பயந்துபோய் உட்கார்ந்திருக்கும் ஒரே ஓர் ஆளிடம் பேசுவதுபோல் பேசினாள். "பாட்டு ஒண்ணு வருது, கேளு. பிடிக்கலன்னா சத்தத்தக் குறைச்சுக்க, என்மேல கோவிச்சுக்காத" என்பாள். தனியாகப் படுத்துக் கிடக்கும் நோயாளிகள், கடையில் வியாபாரம் இல்லாமல் திண்டாடுபவர்கள், தூங்காத பிள்ளையைத் தோளில் போட்டு நடப்பவர்கள் எல்லாரும் தங்களிடம்தான் பேசுகிறாள் என்று நினைத்தார்கள்.

அவளுக்கென்று ஒரு வழக்கம் உண்டு. போக்குவரத்து நிலவரம் சொல்ல வேண்டுமே, அதற்காக விடிந்ததும் பள்ளியின் காரை எடுத்துக்கொண்டு சந்தை ரோடு, ஆஸ்பத்திரி ரோடு, தரைப்பாலம் என்று ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் மாடி ஏறுவாள். பார்க்காத ரோட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல மாட்டாள். "கண்ணாடியப் பார்க்காம வண்டிய திருப்பாதன்னு ஊருக்கெல்லாம் சொல்லிக் குடுத்துட்டு, நானே பார்க்காம பேசினா எப்படி?" என்பாள்.

இதைத் தெரிந்துகொண்டேதான் செய்தார்கள், அதுதான் எனக்கு ஆறவே இல்லை.

ஒரு மதியம் பொறுப்பு அவளைக் கூப்பிட்டு மைக் முன்னால் உட்கார வைத்தாள். தலைமை அனுப்பிய தாளில் உள்ளதையெல்லாம் வாசிக்கச் சொன்னாள். எண்கள், கிழமைகள், காலை வணக்கம், மழை வரலாம், வெயில் அதிகம், சந்தை ரோட்டில் நெரிசல், தரைப்பாலம் வழியாகப் போக்குவரத்து சீராக இருக்கிறது, சீராக இல்லை.

கியரக்கா தாளைக் கீழே வைத்தாள். "இது என்னம்மா, இன்னைக்கு உட்கார்ந்துக்கிட்டு என்னைக்கோ பெய்யப்போற மழையச் சொல்றது?"

"அவசரத்துக்குக்கா. திடீர்னு உங்களுக்குக் காய்ச்சல் வருது, வர முடியல. அன்னைக்கு மட்டும் போடுறதுக்கு. நான் வெளிய போய்ப் பார்த்துட்டு, எது சரியோ அதத்தான் போடுவேன்."

"நீ பார்ப்பியா?"

"நான் பார்க்காம யாரு பார்ப்பா. என்மேல நம்பிக்கை இல்லையா?"

நம்பிக்கை இருந்தது. வாசித்துக் கொடுத்தாள்.

அதற்குப் பிறகு கொஞ்ச நாளில் வாரநாள் காலையில் பேசிக்கொண்டிருந்த பகுதி நேரக்காரர் ஒருவர் நின்றுகொண்டார். அவர் இடத்துக்கு ஆள் தேடவேண்டாம் என்று தலைமை சொல்லிவிட்டார். அந்தக் கண்ணாடிக் கட்டடத்திலிருந்தே, கியரக்காவின் குரலைத் துண்டு துண்டாக ஒட்டி, வாரநாள் காலைகளில் ஒலிபரப்பத் தொடங்கினார்கள். தாளில் வாசித்தது போதாதென்று, அவள் சனி ஞாயிறில் நேரலையில் பேசிய பேச்சிலிருந்தும் வெட்டி எடுத்தார்கள். பொறுப்புக்கு இது தெரியும். முதல் நாள் அவள் போன் செய்து, "அக்காகிட்ட சொல்லணும் சார்" என்றாள். "நல்லபடியாப் போகட்டும், அப்புறம் சொல்லிக்கலாம்" என்றார் மேலாளர். அவளும் சரி என்று வைத்துவிட்டாள்.

கியரக்காவுக்கு எப்படித் தெரியாமல் போயிற்று என்று கேட்பீர்கள். வாரநாள் காலையில் அவள் காருக்குள் இருப்பாள். பழகுகிறவன் வண்டி ஓட்டும்போது ரேடியோ போடக்கூடாது என்பது பள்ளியின் சட்டம். அவள் புருஷன் லிஃப்ட் மெக்கானிக். காலையில் யாருடைய கட்டடத்திலாவது குழிக்குள் இறங்கியிருப்பார். தெருவில் பார்ப்பவர்கள், "இன்னைக்கு நல்லாப் பேசினீங்க" என்பார்கள். சனிக்கிழமையைச் சொல்கிறார்கள் என்று அவள் சிரித்துக்கொள்வாள்.

பிறகு ஒரு ராத்திரி முழுக்க மழை கொட்டியது.

விடிந்து மழை விட்டிருந்தது. அன்று கியரக்காவிடம் வண்டி பழக வந்தவர் ஒரு தையல்காரர், ஐம்பது தாண்டியவர். வாழ்நாளெல்லாம் தையல் மிஷினை மிதித்த பழக்கத்தில் ஆக்ஸிலேட்டரையும் விட்டு விட்டு மிதிப்பார். வண்டி குலுங்கிக் குலுங்கித் தரைப்பாலத்துக்குச் சற்று முன்னால் வந்து நின்றது. முன்னால் வரிசையாக வண்டிகள். பாலத்தின் மேலேயே தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு பிளாஸ்டிக் நாற்காலி நேராக நிமிர்ந்தபடி, யாரோ உட்கார்ந்திருப்பதுபோல் மிதந்து போயிற்று.

"எவ்வளவு நேரம் ஆகும்னு ரேடியோல சொல்வாங்களா?" என்றார் தையல்காரர்.

"வண்டிதான் நிக்குதே, போடுங்க."

அவர் திருகினார். ஒரு பாட்டு முடிந்தது. பிறகு:

"காலை வணக்கம். நான் உங்க கியரக்கா. தரைப்பாலம் வழியா போக்குவரத்து சீரா இருக்கு. தைரியமா போங்க."

தையல்காரர் ரேடியோவைப் பார்த்தார். பக்கத்தில் பார்த்தார். மறுபடி ரேடியோவைப் பார்த்தார்.

"அக்கா, நீங்க இங்க இருக்கீங்க."

"இருக்கேன்."

"அங்கயும் இருக்கீங்க."

கியரக்கா ரேடியோவின் சத்தத்தைக் கூட்டினாள். 'தைரியமா போங்க' என்பது தாளில் இருந்த வரி இல்லை. போன மாதம் ஒரு ஞாயிறு காலையில், பரீட்சைக்குப் போகும் பிள்ளைகளுக்கு அவள் சொன்னது. அதை வெட்டி இந்தத் தண்ணீருக்கு ஒட்டியிருந்தார்கள்.

"அப்ப நாம போகலாமா, வேண்டாமா?" என்றார் தையல்காரர். பாவம், அவருக்கு உண்மையிலேயே குழப்பம்.

"காலை பிரேக்குலயே வைங்க."

பாதி தூரம் போய்த் திரும்பி வந்த ஒரு ஸ்கூட்டர்க்காரர், முட்டிவரை நனைந்து, வண்டியைத் தள்ளிக்கொண்டு காரின் பக்கம் வந்தார். காரின் மேல் பயிற்சிப் பள்ளியின் பலகை. உள்ளே இருப்பது யாரென்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

"ஏம்மா, எங்கள தைரியமா போங்கன்னு சொல்லிட்டு நீ மட்டும் கரையில நிக்கிற. நல்லா இருக்கும்மா உன் நியாயம்."

அவள் வாயைத் திறப்பதற்குள் அவர் போய்விட்டார். ஊருக்கெல்லாம் வண்டி கற்றுக்கொடுத்த பெண் நடுரோட்டில் பொய்க்காரி என்று பேர் வாங்கி உட்கார்ந்திருந்தாள். இதை எந்தக் கணக்கில் சேர்ப்பது, சொல்லுங்கள்.

சாயங்காலம் வீட்டுக்கு அவளுடைய நாத்தனார் வந்தாள். புருஷனின் தங்கை. தபால் நிலையத்தில் வேலை. பதவி உயர்வுக்கான தேர்வுக்கு ஒரு வருடமாகப் படித்துக்கொண்டிருந்தவள். அன்று காலைதான் தேர்வு, பாலத்துக்கு அந்தப் பக்கம். உள்ளே வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"அண்ணி, நான் வேற வழியாப் போறதாத்தான் இருந்தேன். சுத்து வழி, ஆனா போயிருப்பேன். நீங்க சொன்னீங்க. அதனால பாலத்துல இறங்கினேன்."

"நான் சொல்லலம்மா."

"என் காதால கேட்டேன். நடுப் பாலத்துல வண்டி நின்னுடுச்சு. ரெண்டு பேரு கையப் பிடிச்சு இழுத்து விட்டாங்க. நான் போறப்ப பரீட்சை ஹால் கேட்டப் பூட்டிட்டாங்க. இனி அடுத்த வருஷம்தான்."

"அது நான் இல்ல. பழச வெட்டி ஒட்டிப் போட்டிருக்காங்க."

நாத்தனார் அவளையே பார்த்தாள். "வேற யாராவது சொல்லியிருந்தா நான் நம்பியிருக்க மாட்டேன் அண்ணி. நீங்க பார்க்காம சொல்ல மாட்டீங்கன்னு ஆபீஸ்ல எல்லார்கிட்டயும் பெருமையாச் சொல்வேன். உங்க குரல எனக்குத் தெரியாதா?"

கியரக்காவின் புருஷன் நடுவில் புகுந்தார். "அதான் இல்லன்னு சொல்றாளே."

"நீ சும்மா இருண்ணே. உன் பொண்டாட்டிய நீ விட்டா குடுப்ப."

போய்விட்டாள். போட்ட காபி ஆறியது. டம்ளரை எடுத்து உள்ளே வைத்துவிட்டு வந்து புருஷன் சொன்னார்: "விட்டுடு. அந்த ரேடியோவும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். போகாத."

"நான் போகலன்னா மட்டும் என்ன? என் குரல் தினமும் போகுதே. நான் நின்னாலும் அது பேசிக்கிட்டே இருக்கும். செத்தாலும் பேசும்போல."

அவளுக்கு அப்போதுதான் முழுதாக உறைத்தது. வேலையை விட்டுவிடுவது என்பதுகூட அவள் கையில் இல்லை.

மறுநாள் அவள் நிலையத்துக்குப் போனாள். பொறுப்பு அவளைப் பார்த்ததும் எழுந்து நின்றாள்.

"உக்காரு. உனக்குத் தெரியுமா?"

"அக்கா..."

"தெரியுமான்னு கேட்டேன்."

"தெரியும்."

"நான் பார்ப்பேன்னு சொன்னியே."

"அங்கிருந்தே நேரா ஓடுதுக்கா. என் கையில இல்ல."

"உன் கையில இல்லாதத என்கிட்ட எதுக்கு வாக்குக் குடுத்த?"

 பொறுப்பு கெட்டவள் இல்லை. ஆனால் கெட்டவள் இல்லை என்பதை வைத்துக்கொண்டு நாத்தனாருக்கு யார் தேர்வெழுதிக் கொடுப்பது?

பொறுப்பு தலைமைக்குப் போன் போட்டு ஒலிபெருக்கியில் வைத்தாள். மேலாளர் மிக மரியாதையாகப் பேசினார். அந்த மரியாதையைக் கேட்டிருந்தால் உங்களுக்குப் பற்றிக்கொண்டு வந்திருக்கும்.

"மேடம், நடந்ததுக்கு ரொம்ப வருந்துறோம். அந்தப் பாலம் வரிய உடனே எடுத்துட்டோம். இனிமே பாலத்தப் பத்தியே வராது."

"பாலத்த எடுக்கச் சொல்லல சார். என்னை எடுங்க."

"பதிவு நிலையத்தோட சொத்து மேடம். நீங்க விருப்பப்பட்டுத்தானே பேசிக் குடுத்தீங்க."

"காய்ச்சல் வந்தா போடுறதுக்குக் குடுத்தேன். எனக்குக் காய்ச்சல் இல்ல. உங்களுக்குத்தான் ஏதோ வந்திருக்கு."

"ஜனங்களுக்கு உங்க குரல் பிடிக்குது. அது உங்களுக்குப் பெருமைதானே?"

"சரி, அன்னைக்குப் பேசினது நான் இல்லன்னு ரேடியோலயே ஒரு வார்த்தை சொல்லிடுங்க. போதும்."

"அது முடியாது மேடம். அப்படிச் சொன்னா நிலையத்து மேல ஜனங்களுக்கு நம்பிக்கை போயிடும்."

கியரக்கா தொலைபேசியின் பக்கம் குனிந்தாள். "உங்க மேல நம்பிக்கை போகக்கூடாது. அதுக்கு என் மேல போனா பரவாயில்ல. அப்படித்தானே?"

"நீங்க உணர்ச்சிவசப்படுறீங்க. உங்களுக்குக் கஷ்டமா இருந்தா வார இறுதிக்கும் நீங்க வரணும்னு அவசியம் இல்ல. எங்ககிட்ட போதுமான பதிவு இருக்கு."

கேட்டீர்களா? ஆளே கிடைக்காமல் நாயாய் அலைந்து, ஒருத்தியைக் கண்டுபிடித்து, அவள் வாயிலிருந்து வேண்டிய மட்டும் உருவிக்கொண்டு, இப்போது நீ வேண்டாம் என்கிறார்கள். எச்சில் இலையைக்கூடக் கொஞ்சம் மரியாதையாக எடுத்துப் போடுவார்கள்.

கியரக்கா எழுந்தாள். பொறுப்பிடம் கேட்டாள்: "இந்தச் சனிக்கிழமை நான் இருக்கேனா, இல்லையா?"

தொலைபேசி இன்னும் அணையவில்லை. பொறுப்பு அதைப் பார்த்தாள். பிறகு அதை அணைத்துவிட்டு, "இருக்கீங்க" என்றாள். அந்த ஒரு வார்த்தையை அவள் சொன்னதற்காக மட்டும் நான் அவளைக் கொஞ்சம் மன்னிக்கிறேன்.

சனிக்கிழமை காலை கியரக்கா வழக்கம்போல் ஊரைச் சுற்றிவிட்டு வந்தாள். முதல் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே எழுந்து, ஸ்டுடியோச் சுவரின் மெத்தையை விரலால் தட்டிக்கொண்டே போனாள். ஓரிடத்தில் சத்தம் மாறியது.

"இங்க ஜன்னல் இருக்கா?"

"இருக்குக்கா. சத்தம் வரும்னு அடைச்சிருக்கு."

கியரக்கா கார்ச் சாவியை விட்டு நெம்பினாள். மெத்தை பிய்ந்து வந்தது, பின்னாலேயே பலகையும் வந்தது. தூசியோடு வெளிச்சம் உள்ளே விழுந்தது. கீழே குழாய் அறுக்கும் சத்தம் காதைத் துளைத்தது. பொறுப்பு பழக்க தோஷத்தில் துடைப்பத்தை எடுத்தாள்.

"தட்டாத. அறுக்கட்டும்."

பாட்டு முடிந்தது. கியரக்கா மைக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"நான்தான். இன்னைக்கு நிஜமாவே நான்தான். கொஞ்ச நாளா வாரநாள் காலையில நீங்க கேட்டது நான் இல்ல. என் பேச்ச வெட்டி ஒட்டிப் போட்டிருக்காங்க. என்கிட்ட சொல்லல. பாலத்துல தண்ணி போனப்போ 'தைரியமா போங்க'ன்னு வந்துச்சே, அப்ப நான் கரையில வண்டிக்குள்ள உட்கார்ந்து, உங்கள மாதிரியே அதக் கேட்டுக்கிட்டு இருந்தேன். அத நம்பி இறங்கினவங்க இருக்கீங்க. என் வீட்டுலயே ஒருத்தி இருக்கா. ஒரு வருஷப் படிப்பு தண்ணியில போச்சு. என்மேல உங்களுக்கு இருந்த நம்பிக்கைய எடுத்து உங்களையே தள்ளி விட்டிருக்காங்க."

நிறுத்தினாள். கீழே மிஷின் ஓடிக்கொண்டே இருந்தது.

"இந்தச் சத்தம் கேக்குதா? இரும்புக்கடை. இப்பத்தான் ஜன்னலத் திறந்தேன். கீழ ஒருத்தர் ஏணிய சைக்கிள்ல கட்டப் பார்க்குறார். கட்ட வரல. ரொட்டிக் கடையில பாதிதான் ஷட்டர் தூக்கியிருக்கு. பள்ளிக்கூட மதில் மேல யாரோ பச்சைத் துண்டு காயப் போட்டிருக்காங்க. இனிமே நான் பேசுறப்பல்லாம் கீழ என்ன நடக்குதுன்னு சொல்லுவேன். சொல்லலன்னா அது நான் இல்ல. சந்தேகமா இருந்தா போன் போட்டுக் கேளுங்க. கியரக்கா, ஜன்னல்ல என்ன தெரியுதுன்னு. நான் இருந்தா சொல்லுவேன். அந்த மிஷினு இருந்தா, அது பாவம், அதுக்குக் கண்ணு கிடையாது."

பிறகு பாட்டுப் போட்டாள். அன்று முழுக்க, பாட்டுக்குப் பாட்டு, தெருவைச் சொன்னாள். ஏணிக்காரர் கட்டி முடித்தார். ரொட்டிக் கடைக்காரர் ஷட்டரை முழுக்கத் தூக்கிவிட்டு ஜன்னலைப் பார்த்துக் கையாட்டினார்.

தலைமையிலிருந்து ஒரு போனும் வரவில்லை. ஏன் தெரியுமா? அங்கே ஒருவரும் கேட்கவில்லை. சின்ன ஊரில் சனிக்கிழமை காலையில் என்ன ஒலிபரப்பாகிறது என்று அந்தக் கண்ணாடிக் கட்டடத்தில் யாருக்கும் அக்கறை இல்லை. விளம்பரம் விற்பதற்கு மட்டும்தான் அவர்களுக்கு இந்த ஊர் வேண்டும்.

திங்கட்கிழமை விடிந்ததும் வழக்கம்போல் ஒட்டுக்குரல் வந்தது. "காலை வணக்கம். நான் உங்க கியரக்கா." அடுத்த மூச்சில் நிலையத்தின் போன் அடித்தது. பொறுப்பு எடுத்தாள்.

"அக்காகிட்ட கேளுங்க, ஜன்னல்ல என்ன தெரியுதாம்?"

வைத்தாள். மறுபடி அடித்தது. ஒரு கிழவர்: "ஏம்மா, மழை வரலாம்னு சொல்றாளே, வானம் எந்தப் பக்கம் கறுத்திருக்குன்னு கேட்டுச் சொல்லு." அடுத்து தையல்காரர்: "நான் இப்ப அக்கா பக்கத்துலதான் இருக்கேன். வண்டிய ஓரமா நிறுத்திட்டுத்தான் பேசுறேன். அங்க யாரு பேசுறது?" அடுத்து மெத்தைக் கடைக்காரர், நிலையத்துக்கு நிறைய விளம்பரம் கொடுப்பவர். அவர் சிரிக்கவில்லை. "என் கடையில அஞ்சு வருஷ உத்தரவாதம்னு சொல்றீங்களே, அத யாரு சொல்றது? பொய் பேசுற வாயால என் கடைப் பேர் வரவேண்டாம். நிறுத்துங்க."

பொறுப்பு கொஞ்ச நேரம் எல்லாருக்கும் மன்னிப்புக் கேட்டாள். பிறகு ஏதோ தோன்றி, போன் செய்தவர்களுக்கெல்லாம் தலைமையின் நேரடி எண்ணைக் கொடுக்க ஆரம்பித்தாள். சின்ன ஊர்தான், ஆனால் கோபம் வந்தால் சளைக்காமல் போன் செய்யும் ஊர். சற்று நேரத்தில் ஒட்டுக்குரல் பாதி வாக்கியத்தில் நின்றது. வெறும் பாட்டாக ஓடியது. மேலாளர் பேசினார், மரியாதை கொஞ்சம் கழன்றிருந்தது.

"அந்தப் பதிவ நிறுத்தியாச்சு. விளம்பரம் கைவிட்டுப் போகக்கூடாது. யாரையாவது உட்கார வை. யாரா இருந்தாலும் சரி, உயிரோட இருந்தா போதும்."

பொறுப்பு கியரக்காவைக் கூப்பிட்டாள்.

"அக்கா, நிறுத்திட்டாங்க. வாரநாளும் நீங்களே வாங்கக்கா. சம்பளமும் நான் பேசி வாங்கித் தர்றேன்."

"எனக்கு வகுப்பு இருக்கு."

"அப்ப சனி ஞாயிறு?"

"வருவேன். உனக்காக இல்ல. எனக்கு அது பிடிக்கும், அதனால. என்னை சமாதானப்படுத்திட்டேன்னு நினைச்சுக்காத."

"இன்னைக்கு யாரு பேசுறதுக்கா? ஆளே இல்லையே."

"நீ இருக்கியே."

"என் குரல் நல்லாவே இருக்காது."

"எனக்கு வாக்குக் குடுத்தப்போ நல்லாத்தானே இருந்துச்சு. உக்காரு. என்ன நடந்துச்சோ அதச் சொல்லு."

பொறுப்பு உட்கார்ந்தாள். பல வருடமாக மற்றவர்களை உட்கார வைத்த நாற்காலியில் அன்றுதான் முதல் தடவை அவள் உட்கார்ந்தாள். குரல் கீச்சென்று வந்தது. தேதியைத் தப்பாகச் சொன்னாள், திருத்தினாள். பிறகு பாலம் பற்றிய வரி எங்கிருந்து வந்தது, யார் போட்டது என்று சொன்னாள். தனக்குத் தெரிந்திருந்தும் சும்மா இருந்ததையும் சொன்னாள். சொல்லும்போது அழுகை வந்து, மூக்கை உறிஞ்சியது ஊர் முழுக்கக் கேட்டது.

தபால் நிலையத்தில் கியரக்காவின் நாத்தனார் அதைக் கேட்டாள். கேட்டுவிட்டு வெளியே வந்து போன் செய்தாள்.

"அண்ணி."

"சொல்லும்மா."

"ரேடியோல ஒரு பொண்ணு அழுதுக்கிட்டே சொல்றா. நீங்க இல்லயாம். நாங்கதான் போட்டோம்ங்கிறா."

"ம்."

"நான் அன்னைக்கு உங்கள அப்படிப் பேசியிருக்கக்கூடாது."

"தண்ணியில இறங்கினவ நீ. பேசாம என்ன செய்வ."

 காரில் பக்கத்திலிருந்த தையல்காரர் ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டு, காது கேளாதவர்போல் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவ மன்னிப்புக் கேக்குறா அண்ணி. கேட்டா எனக்குப் பரீட்சை திரும்ப வந்துடுமா? எனக்கு இன்னும் ஆறல."

"எனக்கும் ஆறல. ஆறணும்னு ஒண்ணும் அவசரம் இல்ல. நீ சாயங்காலம் வீட்டுக்கு வா. உன் பரீட்சை விஷயமா யாருக்கு எழுதணும், எங்க போய்க் கேக்கணும்னு உங்க அண்ணனும் நானும் நீயும் உட்கார்ந்து பேசுவோம். அந்தப் பொண்ணையும் வரச் சொல்றேன். ரேடியோல சொன்னத நம்ம வீட்டுல வந்து, உன் முகத்தப் பார்த்துச் சொல்லட்டும்."

"வருவாளா?"

"வரலன்னா நான் போய்க் கூட்டிட்டு வருவேன். இப்ப வைக்கிறேன், இவரு காலு பிரேக்குல இல்ல."